திரும்பி வந்த டிபன் கேரியர்

அந்த டிபன் கேரியரைப் பார்த்தாலே சுடர்விழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேரியர் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல எவர்சில்வர், மூன்று அடுக்கு. கீழே சோறு, நடுவில் சாம்பார், மேலே பொரியல். கைப்பிடி மட்டும் கொஞ்சம் ஆடும். பிரச்சினை என்னவென்றால், அது போன மாதிரியே திரும்பி வந்தது.

காலை ஒன்பது மணிக்கு நிறைந்த கேரியரைத் தூக்கிக்கொண்டு சமையல் கூடத்திலிருந்து ஆற்றங்கரைக்குப் போவாள். நிறைந்த கேரியரோடு திரும்பி வருவாள். பதினொரு மணிக்கு மறுபடியும் போவாள், வருவாள். ஒரு மணிக்கு இன்னொரு தடவை. மே மாத வெயில் வேறு, செருப்புக்குள் மணல் வேறு. கொண்டுபோனதைச் சாப்பிட்டுத் தொலைத்தால்தான் என்ன?

இதெல்லாம் நடந்த இடம் நாணல்மேடு. புதுச்சேரி பேருந்து நிலையத்தில் போய் நாணல்மேடு என்று கேட்டால் விழிப்பார்கள். யானை ஊர் என்று கேட்டால் மூன்று பேர் சேர்ந்து வழி சொல்வார்கள். ஆற்றங்கரையில் யானைகளுக்கான மீட்பு, பயிற்சி மையம் இருக்கிறது. சர்க்கஸில் இருந்தவை, தெருத்தெருவாகப் பிச்சை எடுத்தவை, வளர்க்க முடியாமல் கைவிடப்பட்டவை என்று ஏழு யானைகள் அங்கே இருந்தன. மருந்து போடக் காலைத் தூக்கிக் காட்டுவது, சங்கிலி இல்லாமல் ஆற்றுக்குப் போய் வருவது, ஹாரன் சத்தத்துக்கு மிரளாமல் நிற்பது எல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள்.

சுடர்விழியின் அம்மா சரிதாவுக்கு அங்கே சமையல் வேலை. யானைகளுக்கும் சமைக்க வேண்டும், மனிதர்களுக்கும் சமைக்க வேண்டும். அப்பா லாரி எடுத்துக்கொண்டு வடக்கே போனால் பத்து நாள் கழித்துத்தான் திரும்புவார். பதினோரு வயதுப் பெண்ணைப் புதுச்சேரி சாரத்தில் இருக்கும் வீட்டில் தனியாக விட அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் கோடை விடுமுறை முழுக்கச் சுடர்விழியும் காலை ஆறரை மணி பேருந்தில் ஏறியாக வேண்டும்.

அவள் தோழி பூவிழி என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். முட்டி இரண்டும் சிராய்த்து, அந்தச் சிராய்ப்பைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிந்தாள். சுடர்விழியின் முட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. அதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வந்தது.

கேரியரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவர் பெயர் மண்ணாங்கட்டி. பாகன். ஒல்லியான மனிதர், பிடிவாதம் மட்டும் டன் கணக்கில் இருந்தது. அவர் பார்த்துக்கொண்ட யானையின் பெயர் சின்னப்பாப்பா. அதற்கு நாற்பத்தைந்து வயது. சமையல் கூடத்துக் கதவு அளவுக்கு நெற்றி. குட்டியாக இருந்தபோது யாரோ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

மையத்தின் வாசலில் நீலப் பலகை ஒன்று உண்டு. பாகன்களுக்கான விதிகள் அதில் எழுதியிருக்கும். முதல் விதி இதுதான்: யானை உண்ட பிறகே பாகன் உண்ண வேண்டும். பாகன்களிடம் பரம்பரையாக இருந்து வரும் பழக்கம் அது. மற்ற ஆறு யானைகளும் எட்டு மணிக்குத் தின்ன ஆரம்பித்துவிடும். ஒன்பது மணிக்கு அவற்றின் பாகன்கள் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

சின்னப்பாப்பா கதை வேறு. அது வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. காலையில் மருந்து வைத்த கேழ்வரகு உருண்டையை மண்ணாங்கட்டி வாய்க்குள் வைத்தால் விழுங்கும். அதோடு சரி. தென்னை ஓலையைப் போட்டால் ஒன்றைத் தும்பிக்கையால் எடுக்கும், தூசு தட்டும், மண்ணாங்கட்டியிடம் நீட்டும். அவர் வேண்டாம் என்று கீழே போடுவார். அது திரும்ப எடுத்து நீட்டும். சோளத்தட்டு போட்டாலும் அதே கதை. கரும்பு போட்டாலும் அதே கதை. மத்தியானம் ஆவதற்குள் அவரைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குத் தீவனம் குவிந்துவிடும்.

"எனக்கு வேணாம்மா. நீ தின்னு, தாயே," என்று அவர் கெஞ்சிக் கெஞ்சித் தொண்டை கட்டிப்போனது.

யானை தின்னாது. அதனால் அவரும் சாப்பிட மாட்டார். மூன்று மணிக்கு மேல் கண் இருட்டும்போது சமையல் கூடத்துக்குப் பின்புறம் வந்து, யானைக்குத் தெரியாமல், திருட்டுத்தனமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவார். சின்னப்பாப்பா ராத்திரியில் ஏதோ கொஞ்சம் மென்றுவைக்கும். அது எந்த மூலைக்கு?

டாக்டர் விஜயராகவனுக்கும் பொறுமை போய்விட்டது. மையத்தில் எல்லா யானைகளுக்கும் அவர்தான் வைத்தியர். இரண்டு வாரத்துக்கு முன்னால் எடை போட்டபோது சின்னப்பாப்பா எண்பது கிலோ இளைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் ஆற்றங்கரைக்கு வந்து, சுடர்விழி கேரியரோடு நின்றிருக்கும்போதே சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழம மறுபடியும் எடை போடுறோம். இன்னும் கொறஞ்சிருந்தா நம்மகிட்ட வச்சிக்க முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி முகாம் இருக்கு, அங்கதான் அனுப்பணும்."

லாரியில் இரண்டு நாள் பயணம். சின்னப்பாப்பாவுக்கு முன்னங்காலில் புண். இரண்டு நாள் நின்றுகொண்டே அது எப்படிப் போகும் என்று மண்ணாங்கட்டி கேட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கண்ணாடியில் அழுக்கே இல்லை என்பதைச் சுடர்விழி கவனித்தாள்.

எரிச்சல் இருந்தாலும் அவளுக்குச் சின்னப்பாப்பாவைப் பிடிக்கும். வந்த புதிதில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே அது நடுங்கும். முதல் தடவை ஆற்றில் இறக்கியபோது அரை மணி நேரம் யோசித்துவிட்டு, மெல்லத் தண்ணீரில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அன்றைக்கு அது எழுந்திருக்கும் வரை சுடர்விழி கரையை விட்டு நகரவில்லை. அந்த யானையைப் போய் லாரியில் ஏற்றுவதா?

புதன்கிழமை மூன்றாவது தடவையாகக் கேரியர் திரும்பியபோது அவளுக்குத் தாங்கவில்லை. பார்வையாளர்கள் தாண்டக் கூடாத வெள்ளைக் கற்களுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஏன் மாமா இப்படி எல்லார் உயிரையும் வாங்குகிறீர்கள் என்று கேட்டேவிட்டாள்.

மண்ணாங்கட்டி கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நாலஞ்சு வருசத்துக்கு முன்னாடி விழுப்புரத்துல இத நான் பாத்திருக்கேன், சுடரு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஓட்டல். இது ரோட்டுல நிக்குது. யாரு எதக் குடுத்தாலும் வாங்கி, வச்சிருந்த ஆளுகிட்ட நீட்டுது. அவன் உள்ள பெஞ்சுல ஒக்காந்து பரோட்டா திங்கிறான். அவன் தின்னு, கை கழுவிட்டு வர்ற வரைக்கும் இது பாத்துக்கிட்டே நிக்குது. அப்புறந்தான் இதுக்கு ஒரு சீப்பு வாழப்பழம்."

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

"அன்னிக்கே எனக்கு மனசு ஆறல. இங்க வந்தும் அது பாத்துக்கிட்டு நிக்கணுமா? என் கண்ணு முன்னாடி அது மொதல்ல சாப்புடட்டும். அதுக்கப்புறந்தான் எனக்குச் சோறு."

அவர் முகம் வெளுத்திருந்தது. சுடர்விழி ஓடிப்போய் ஒரு டம்ளர் டீ வாங்கி வந்தாள். டீ சோறு இல்லை, விதியில் டீயைப் பற்றி எழுதவில்லை என்று வாதாடினாள். அவரும் யோசித்துப் பார்த்துவிட்டு வாங்கிக் குடித்தார். குடித்து முடித்ததும் டம்ளரில் தண்ணீர் ஊற்றி அலசிக் கவிழ்த்தார்.

சின்னப்பாப்பா கையில், அதாவது தும்பிக்கையில், அப்போது ஓர் ஓலை இருந்தது. அது அந்த ஓலையை வாயில் வைத்து மென்றது.

ஒன்றே ஒன்றுதான். அடுத்த ஓலையைப் பழையபடி அவரிடம் நீட்டியது. பசி பொறுக்காமல் ஒன்றைத் தின்றிருக்கும் என்று மண்ணாங்கட்டி சொன்னார். சுடர்விழிக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் அலசிக் கவிழ்த்த டம்ளரை அவள் பார்த்தாள், யானையைப் பார்த்தாள், கேரியரைப் பார்த்தாள்.

தனக்குத் தோன்றியதை அம்மாவிடம் போய்ச் சொன்னாள். அடுப்பில் கேழ்வரகு பொங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் சொல்லடி என்று அம்மா விரட்டினாள். டாக்டரிடம் சொன்னாள். அவர் கடைசி வரை கேட்டார்.

"நீ சொல்றதுல விசயம் இருக்கு. ஆனா அவர யாரு சாப்புட வைக்கிறது? ஒரு மாசமா நானும் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டேன். நீ வேணா சொல்லிப் பாரு."

பெரியவர்களே இப்படிச் சொன்னால் என்னதான் செய்வது?

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சுடர்விழி கேரியரோடு ஆற்றங்கரைக்குப் போனாள். எடுத்துக்கொண்டு போ, அப்புறம் பார்க்கலாம் என்று மண்ணாங்கட்டி வழக்கம்போலக் கையை ஆட்டினார். அவள் போகவில்லை. வெள்ளைக் கற்களுக்கு இந்தப் பக்கம் இருந்த புங்க மரத்தடியில், கேரியரை முன்னால் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க சாப்புடுற வரைக்கும் நானும் சாப்புட மாட்டேன், மாமா."

"இதென்ன புது வம்பு? சின்னப் புள்ள நீ, போய்ச் சாப்புடு."

"போர்டுல பாகனப் பத்திதான் எழுதியிருக்கு. என்னப் பத்தி ஒண்ணும் எழுதல."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்குக் காலையில் என்ன பலகாரம் என்று அவள் விசாரித்துக்கொண்டு வரவில்லை. பாகன்களுக்கு எப்போதும்போலச் சோறு, அவளுக்கு மட்டும் பூரியும் கிழங்கும். சமையல் கூடத்திலிருந்து வாசனை நேராக அவள் மூக்கைத் தேடிக்கொண்டு வந்தது. இட்லியாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். அம்மா வருஷத்துக்கு நாலு தடவைதான் பூரி போடுவாள், அதுவும் இன்றைக்குத்தானா போட வேண்டும்?

பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. சின்னப்பாப்பா ஓலையை நீட்டியது, மண்ணாங்கட்டி கீழே போட்டார், அது திரும்ப எடுத்தது. பன்னிரண்டு மணிக்குச் சுடர்விழியின் வயிறு சத்தமாகக் கத்தியது. மண்ணாங்கட்டிக்கே அது கேட்டது. போய்ச் சாப்பிடு என்று அதட்டினார். கெஞ்சினார். அம்மாவைக் கூப்பிடப் போகிறேன் என்று மிரட்டினார். அவள் இடத்தை விட்டு அசையவில்லை. பிடிவாதத்தில் அவள் அவருக்குக் குறைந்தவள் இல்லை.

ஒன்றரை மணிக்கு அம்மாவே வந்துவிட்டாள். கையில் கரண்டி, நெற்றியெல்லாம் வியர்வை, கண்ணில் கோபம். காலையிலிருந்து பெண்ணைக் காணோம் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

"ஏண்டி, பூரி எடுத்து வச்சது அப்படியே கெடக்கு. ஏன் சாப்புடல?"

"மாமா சாப்புடல."

"அவரு ஏன் சாப்புடல?"

"சின்னப்பாப்பா சாப்புடல."

அம்மா யானையை நிமிர்ந்து பார்த்தாள். அதனிடம் கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்ததும் மறுபடி மகள் பக்கம் திரும்பினாள்.

"நீ சாப்ட்டியாம்மா?" என்று சுடர்விழி கேட்டாள்.

"நீ சாப்புடாம நான் எப்பட்றி சாப்புடுவேன்?"

மண்ணாங்கட்டி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆனையோட சேத்து நாலு வயிறு காயுதா இப்ப? பெரிய பாவமால்ல இருக்கு. குடு அத. கூடத்துக்குப் பின்னாடி போய் ரெண்டு வாய் சாப்ட்டுட்டு வரேன். நீயும் சாப்புடு."

"பின்னாடி போகக் கூடாது, மாமா. இங்கயே சாப்புடுங்க. அது பாக்கணும்."

"அதெப்படி? அது எதுருல ஒக்காந்து நான் சாப்புடவா? அந்த விழுப்புரத்தான் பண்ணத நானும் பண்ணவா?"

சுடர்விழிக்கு அழுகையே வந்துவிட்டது. பசி ஒரு பக்கம், நாளைக்கு வெள்ளிக்கிழமை என்பது இன்னொரு பக்கம்.

"அவன் சாப்ட்டுக் கை கழுவினாத்தான் தனக்கு வரும்னு இத்தன வருசமா அதுக்குத் தெரியும். அதான் எல்லாத்தயும் மொதல்ல உங்ககிட்ட குடுக்குது. நீங்க சாப்புடுவீங்கன்னு பாக்குது. நீங்க சாப்புடவே மாட்டேங்கிறீங்க. அப்புறம் அதுக்கு எப்பத்தான் மாமா மொற வரும்?"

சின்னப்பாப்பா நீட்டிய ஓலை மண்ணாங்கட்டியின் தோளுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கேரியரை வாங்கினார்.

யானைக்கு எதிரிலேயே, அது பார்க்கிற இடத்தில், தரையில் உட்கார்ந்தார். அடுக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். முதல் கவளம் தொண்டைக்குள் இறங்க மறுத்தது. அவர் கண் கலங்கியதைச் சுடர்விழியும் அம்மாவும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். இரண்டாவது கவளம் இறங்கியது. மூன்றாவதற்கு அப்புறம் ஒரு மாதப் பசி வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. மனிதர் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்.

சின்னப்பாப்பா ஓலையை நீட்டியபடியே நின்றது. ஒரு கையில் சோறு, ஒரு கையில் சாம்பார் அடுக்கு. அவரால் ஓலையை வாங்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. யானை அவசரப்படுத்தவில்லை. காதை மட்டும் மெதுவாக ஆட்டிக்கொண்டு, அவர் வாயையே பார்த்தது. அம்மா கரண்டியை இறுக்கிப் பிடித்திருந்தாள். சுடர்விழிக்குப் பூரி மறந்தே போனது.

மூன்று அடுக்கும் காலியானது. மண்ணாங்கட்டி சொம்புத் தண்ணீரைச் சாய்த்துக் கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டார்.

நீட்டியிருந்த ஓலை மெல்லத் திரும்பியது. வளைந்து, சின்னப்பாப்பாவின் வாய்க்குள்ளேயே போனது. மொறுக் மொறுக்கென்று மெல்லும் சத்தம் கேட்டது.

யாரும் அசையவில்லை. அது அடுத்த ஓலையை எடுத்தது, தூசு தட்டியது, தின்றது. அதற்கு அடுத்ததையும் தின்றது. இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்ததெல்லாம் கரைய ஆரம்பித்தது. தின்னுது பாரு, தின்னுது பாரு என்று மண்ணாங்கட்டி அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் என்ன குருடியா, எனக்குத் தெரியாதா என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிடுசிடுத்தாள்.

சுடர்விழி சமையல் கூடத்துக்கு ஓடினாள். பூரி ஆறிப்போய்ச் செருப்புத் தோல் மாதிரி இருந்தது. எட்டு பூரி சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோருமாக அரிசி ஆலைக்குப் பக்கத்தில் இருக்கும் எடை மேடைக்கு நடந்தார்கள். லாரிக்கு எடை போடுகிற மேடைதான். யானையை நிறுத்த வேறு எங்கே இடம் இருக்கிறது? நெல் லாரிக்காரர் ஒருவர் தன் முறை எப்போது வரும் என்று முனகிக்கொண்டு பின்னால் காத்திருந்தார். சின்னப்பாப்பா மேடையில் ஏறி நின்றது. அன்றைக்கும் காலையில் மண்ணாங்கட்டி அதன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு, அது வயிறு முட்டத் தின்றிருந்தது. ஆற்றுத் தண்ணீரை வேறு வேண்டிய மட்டும் குடித்திருந்தது.

டாக்டர் எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"பன்னெண்டு கிலோ கூடியிருக்கு," என்றார். "லாரிய வர வேணாம்னு சொல்லிடுறேன்."

சாயங்காலம் அவரே நீலப் பலகைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி, முதல் விதிக்குக் கீழே பொடி எழுத்தில் பெயிண்டால் எழுதினார்: சின்னப்பாப்பாவின் பாகன் மட்டும் முதலில் உண்ண வேண்டும், அதுவும் அதன் எதிரிலேயே. மண்ணாங்கட்டி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, சாம்பாரில் உப்பு குறைகிறது என்றும் எழுதச் சொன்னார். அம்மா முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

வீட்டுக்கு வந்து சேர ஏழரை மணி ஆகிவிட்டது. அம்மா தோசை வார்த்தாள். இரண்டு தோசையைச் சுடர்விழியின் தட்டில் போட்டாள். சட்னி ஊற்றினாள். அடுத்த மாவை ஊற்றப் போனாள்.

"உனக்கு எங்கம்மா?"

"நீ சாப்புடு. நான் அப்புறம் சாப்ட்டுக்கறேன்."

அப்புறம் என்றால் எப்போது என்று சுடர்விழிக்குத் தெரியும். பாத்திரம் துலக்கி, துணி மடித்து, மாவு மூடி வைத்து, எல்லாம் ஆறிப்போன பிறகு, நின்றுகொண்டே. தினமும் அப்படித்தான். இவ்வளவு நாள் அவளுக்கு அது கண்ணிலேயே பட்டதில்லை.

தட்டிலிருந்து ஒரு தோசையை எடுத்தாள். அம்மாவிடம் நீட்டினாள்.

எனக்கு வேண்டாம் என்று அம்மா அதைத் தட்டிலேயே போட்டாள். சுடர்விழி திரும்ப எடுத்து நீட்டினாள். அம்மா திரும்பப் போட்டாள். அவள் திரும்ப நீட்டினாள். தலையை லேசாக ஆட்டிக்கொண்டு, அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அங்க ஒரு ஆனை, இங்க ஒரு ஆனை. பெரிய ரோதனையா போச்சு எனக்கு."

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து, அந்தத் தோசையை வாங்கிச் சூடாகச் சாப்பிட்டாள். அவள் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வரும் வரைக்கும் சுடர்விழி தன் தட்டைத் தொடவே இல்லை.